வாலுக்கு மட்டும் முழுக் காப்பீடு

ஒரு காட்டில் நோய் எல்லா மிருகங்களுக்கும் வந்தது. காப்பீடு மட்டும் நோய் வராத மிருகங்களுக்கே கிடைத்தது.

அந்தக் காட்டில் வடிவு என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பதினோரு வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை நோய். உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டதால் வந்தது அது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் இதைப் பொறுமையாக விளக்குவாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல கிழங்கு ரொம்பத் தின்னிருப்பே" என்பார்கள்.

தினம் நாலு ஊசி. இரண்டு முறை நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு முறையும் காப்பாற்றியது அப்பா சங்கையாவின் ஆபீஸ் காப்பீடு. அவர் புலியின் தேக்கு டிப்போவில் காவல்காரர்.

வடிவுக்கு இருபத்தைந்து வயது நிறைந்த அன்று காலையில் அந்தக் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! இன்றுமுதல் நீங்கள் தங்கள் தந்தையைச் சார்ந்தவர் அல்ல.' கூடவே ஒரு கேக் படம்.

சங்கையாவின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. "நான் உனக்கு அப்பன் இல்லேன்னு சொல்ல இவனுங்க யாரு?"

"அப்படிச் சொல்லலப்பா. இருபத்தஞ்சு ஆயிட்டா உங்க காப்பீட்டுல எனக்கு இடமில்லையாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அப்பன் இல்லேங்கிறாங்க."

மறுநாளே வடிவு வனநலக் காப்பீட்டுக் கழகத்துக்குப் போனாள். ஏஜெண்ட் கொக்கு ஒற்றைக்காலில் நின்று எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தார். விண்ணப்பம் பதினாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில், 'சர்க்கரை நோய் உண்டா?'

"இல்லைன்னு போட்டுடு பாப்பா" என்றார் கொக்கு, தலையைத் தூக்காமலே. "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற முயல் அப்படித்தான் போட்டது. அதற்கும் சர்க்கரை உண்டு. வரிசையில் நிற்கும்போதே ஒரு மாத்திரையை விழுங்கியதை வடிவு பார்த்தாள். ஆனால் அவள் நல்ல கதைகள் கேட்டு வளர்ந்தவள். 'ஆம்' என்று எழுதி, எந்த வயதிலிருந்து என்பதையும் எழுதினாள்.

முயலுக்கு மூன்றே நாளில் பாலிசி வந்தது. நாலாவது மாதம் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது கழகம் விசாரித்தது, பொய் வெளிப்பட்டது, பாலிசி ரத்து. இதுவரை எல்லாம் பழைய கதைகளில் உள்ளபடியே நடந்தது.

உண்மை சொன்ன வடிவுக்கு ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. 'தங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.'

அவள் கடிதத்தோடு போய் நின்றாள். "சார், எனக்கு மாசாமாசம் மருந்து வேணும். இன்னொரு தடவை விழுந்தா எங்கப்பாவால தாங்க முடியாது. ஏதாவது வழி சொல்லுங்க."

கொக்கு இறக்கையைச் சொறிந்தபடி யோசித்தார். "சர்க்கரைக்காரங்களுக்குன்னு ஒரு ஸ்பெஷல் பாலிசி இருக்கு. மூணு வருஷம் காத்திருக்கணும். அப்புறமும் கண்ணு, கிட்னி, இதயம், நரம்பு, பாதம் இதுக்கெல்லாம் கிடையாது. சர்க்கரையால வர்றதாச்சே."

"அப்புறம் என்னதான் சார் மிச்சம்?"

கொக்கு தாளைப் புரட்டிப் பார்த்தார். "வாலு இருக்கு பாப்பா. வாலுக்கு முழுக் காப்பீடு உண்டு."

வடிவு மற்ற கழகங்களையும் விடவில்லை. ஓரிடத்தில் நிராகரித்தார்கள். ஓரிடத்தில், வேறெங்காவது நிராகரித்திருக்கிறார்களா என்று கேட்டு, அதையே காரணமாக்கி நிராகரித்தார்கள். இன்னோரிடத்தில் ஒரு கிளி, தினமும் நடைப்பயிற்சி செய்யுமாறு அறிவுரை சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தியது. அந்த மாதங்களில் வடிவு யாருக்கும் தெரியாமல் ஊசி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு மதியம் வாய் உலர்ந்து, தலை சுற்றி, கழகத்தின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொக்கு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா சொல்லாதே. எங்க ஆபீஸ் ஊழியர்களுக்கு குரூப் காப்பீடு. முதல் நாள்லேருந்தே. என்ன நோய் இருக்குன்னு ஒரு கேள்வி கிடையாது."

"வேலை காலி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. யாரும் ஒரு மாசத்துக்கு மேல தங்கறதில்லை."

வடிவு மறுவாரமே சேர்ந்தாள். விண்ணப்பங்களைப் படித்து, நோயாளிகளைக் கண்டுபிடித்து, நிராகரிக்கும் வேலை. முதல் நாள் ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை படித்த பிறகே நிராகரிப்பு முத்திரையைக் குத்தினாள். இரண்டாம் வாரம் விண்ணப்பத்தின் பெயரைப் படிப்பதை நிறுத்தினாள். மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியான அளவில் இருந்தது. டாக்டர் மகிழ்ந்தார், சங்கையா மிட்டாய் கொடுத்தார், தனக்கு வேண்டாம் என்று வடிவு சொன்னாள்.

ஒருநாள் இளங்கரடி ஒருத்தி வந்தாள். தன் விண்ணப்பத்தையும் நிராகரிப்புக் கடிதத்தையும் மேசைமேல் வைத்தாள். வடிவின் பையிலிருந்து எட்டிப்பார்த்த ஊசி அவள் கண்ணில் பட்டது.

"அக்கா, உங்களுக்கும் சர்க்கரையா?"

"ஆமா."

"உங்களுக்குக் காப்பீடு இருக்கா?"

"இருக்கு."

"எப்படிக்கா?"

"இங்கே வேலை பார்க்கிறேன்."

கரடியின் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கும் இங்கே ஒரு வேலை கிடைக்குமா?"

வடிவு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். சுறுசுறுப்பானவள், அழகான கையெழுத்து, தன்னைவிட இரண்டு வயது இளையவள்.

"இங்கே சர்க்கரைக்காரங்களை வேலைக்கு எடுக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

நீதி: கதவு திறக்காவிட்டால் மனம் தளராதீர்கள், அதை உள்ளேயிருந்து சாத்தும் வேலைக்கு மனுப் போடுங்கள். மருத்துவச் செலவு அவர்களுடையது.