எங்கள் இல்லத் திருமணம், ஃபைலைத் திறக்கவும்

பிறருக்கு எச்சரிக்கை சொல்வதையே பிழைப்பாக வைத்திருப்பவன், அந்த எச்சரிக்கை தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பதே இல்லை. நானும் நினைக்கவில்லை.

நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு, அது முதலாளி வாங்கிய முதல் லாரியின் நம்பர். அந்த லாரியின் படத்தை நம்பர் பிளேட் பளிச்சென்று தெரியும்படி வாசலிலேயே மாட்டி மாலையும் போட்டிருந்தார். மாற்றலாம் என்றால், "அது ராசியான நம்பரு சாமி" என்பார். அப்டேட் போடச் சொன்னால் புக்கிங் பார்ப்பவர்கள், "லோடு பேசிட்டிருக்கறோமுங்க, அப்பறம் போட்டுக்கலாம்" என்பார்கள். ஆபீஸ் விவகாரம் எல்லாம் அவரவர் சொந்தப் போனில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரையும் உட்கார வைத்து உரையாற்றினேன். சந்தேகமான ஃபைலைத் திறக்கக்கூடாது, தெரிந்தவரே அனுப்பினாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்றேன். (குரலில் கலெக்டர் தோரணை வேறு.)

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பரமத்தி சித்தப்பா நம்பரிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. 'எங்கள் இல்லத் திருமணம். குடும்பத்துடன் வரவும்.' சித்தப்பா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பத்திரிகை வந்து அதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால், அந்தக் கோபம் பேரன் பேத்தி காலம் வரை ஓடும். இந்த லட்சணத்தில், 'இது நீங்கள் அனுப்பியதுதானா?' என்று போன் போட்டுக் கேட்டால் அவர் என் முகத்தில் முழிப்பாரா? திறந்தேன். போனில் உள்ள நம்பர்களைப் பார்க்கலாமா, மெசேஜ்களைப் படிக்கலாமா என்று அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. கல்யாண வீட்டார் உரிமையோடு கேட்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் பத்திரிகை மட்டும் வரவில்லை. "தெறக்கலீங்க சித்தப்பா, இன்னொருக்கா அனுப்புங்க" என்று பணிவாகப் பதில் போட்டேன். மறுபடி வந்தது. அதையும் திறந்தேன். (சித்தப்பாவின் போனை எவனோ பிடித்துவிட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.)

நான் தயிர் சாதத்துக்கு வருவதற்குள் என் போன், அதிலிருந்த அத்தனை பேருக்கும் அதே பத்திரிகையை அனுப்பி முடித்திருந்தது. முப்பது தாண்டியும் பெண் அமையாதவனிடமிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் ஊர் சும்மா இருக்குமா? நாக்பூரிலிருந்து ஒரு டிரைவர், "எந்த மண்டபமுங்க? லோடு எறக்கிப்போட்டு வந்தர்றேன்" என்றார். முதலாளி தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டக்கூடச் சொல்லல பாத்தியா சாமி. பத்திரிக்கை தெறக்க மாட்டீங்குது, என்னன்னு பாரு."

வந்தது வைரஸ் என்று அப்போதுதான் புரிந்தது. வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை நெட்டிலிருந்து கழற்றிவிட்ட பிறகுதான் இன்னொன்று உறைத்தது. போனில் திருச்செங்கோட்டுக்காரர் நம்பரும் இருந்தது. முந்தின வாரம்தான் அவர் மகள் நந்தினியைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. "கலந்து பேசிச் சொல்றோமுங்க" என்று அனுப்பியிருந்தார்கள். அந்தப் பதிலுக்காகத்தான் நான் போனைக் கீழே வைக்காமல் திரிந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை என்பதுதான் எங்கள் வீட்டார் அங்கே அடித்துவிட்டிருந்த பெரிய பெருமை.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங் தம்பி, வேற எடத்துல முடிச்சுட்டீங்களாட்ட இருக்குது?"

ஆமாம் என்றால் அயோக்கியன். இல்லை என்றால் முட்டாள், அதுவும் எந்த வேலையைச் சொல்லிப் பெண் கேட்டோமோ அந்த வேலையிலேயே முட்டாள். அயோக்கியனுக்கு நந்தினி கிடைக்கவே மாட்டாள். முட்டாளுக்கு ஒருவேளை கிடைக்கலாம்.

"இல்லீங்க மாமா, அது வைரஸுங்க. நாந்தான் தெரியாமத் தெறந்துட்டேன்." (அதுவரை அவரை 'ஏனுங்க' என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். பயத்தில் 'மாமா' வந்துவிட்டது.)

"அதப் பாத்துக்கறதுதானுங்களே உங்க வேலையே?"

"ஆமாங்க."

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். ஆனால் அவர் குரல் தணிந்து வந்தது.

"நானும் தெறந்துபோட்டனுங்க. எங்க சனமெல்லாம் கூப்புட்டு, நந்தினி கல்யாணம் எந்த மண்டபத்துலன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்றது?"

இரண்டு வீட்டுப் பத்திரிகையும் ஒரே நாளில் போனதால், பெண் பார்த்த விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் அவர்களாகவே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். என் அம்மாவுக்கு வாழ்த்து வந்தபடி இருந்தது. இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவதைவிட மண்டபம் பிடிப்பது சுலபம் என்று பெரியவர்களுக்குத் தோன்றத் தொடங்கியது. கடைசியில் நந்தினியைக் கேட்டார்கள். "ஏமாந்தத மறைக்காம ஒத்துக்கிட்டாருல்லீங்கப்பா, அது போதும்" என்றாளாம். அன்று நான் பட்ட சந்தோஷத்தை எழுத வராது. நிஜப் பத்திரிகையை ஒருவரும் போனில் திறக்கத் துணியாததால், அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இப்போதும் யாராவது லவ் மேரேஜா, பார்த்துச் செய்ததா என்று கேட்டால் நந்தினி என்னைப் பேச விடுவதில்லை.

"ரெண்டுமில்லீங்க. இவரு தெறந்துவிட்ட வைரஸுதான் முடிச்சு வெச்சுது."

பக்கத்தில் மாமா இருந்தால் உடனே முறைத்துக்கொள்வார்.

"அதென்ன சாமி, அவருக்கு மட்டும் பேரு? நானும் தெறந்தனல்ல, சேத்திச் சொல்லு."