லூனாஸில் இருந்த கொரியா

கொரியா நாட்டின் மீது பாசம் வைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால், அங்கே பிறந்தவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் ஆளாக நிற்க வேண்டியவர் பினாங்குக்கு அருகே லூனாஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த கொரியா அண்ணன்தான். அங்கே பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் பத்துக்குள் வந்துவிடுவார். இத்தனைக்கும் அவர் அதுவரை போயிருந்த அதிக தூரம் பக்கத்து மாநிலத்துத் தைப்பிங். அதுவும் மச்சான் கல்யாணத்துக்கு.

அவருக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர் உண்டு. கோயிலில் சாமியார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர் இடித்து, "அண்ணே, ஒங்களத்தான்" என்று சொல்ல வேண்டும். கொரியா என்று மெதுவாகச் சொன்னால் போதும், பால் மரத்துக்குப் பின்னாலிருந்தும் எட்டிப் பார்ப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பினாங்குக்குக் கடல்மேல் பாலம் கட்டினார்களே, அப்போது கொரியாக்காரர்கள் நிறையப் பேர் எங்கள் பக்கத்துக் கரையில் பிறை என்ற ஊரில் வந்து தங்கியிருந்தார்கள். தோட்டத்து லோரியில் கிளீனராக இருந்த அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு, அவர்களுடைய முகாம் சமையல்கட்டில் அரிசி கழுவப் போனார். போன மூன்றாவது மாதமே ஆள் மாறிவிட்டார்.

முதலில் கையில்தான் தொடங்கியது. யாருக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும்தான் கொடுப்பார். கொரியாவில் பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம். கடையில் கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, எங்கள் தோட்டத்து ஜாகா மாமாவிடம் நீட்டினார். வாசல் கேட்டில் காவல் இருக்கிற ஜாகா மாமாவுக்கு அதுவரை யாரும் இப்படி மரியாதை செய்ததில்லை. பயந்துபோய், "என்னடா, யாரு செத்தா?" என்று கேட்டார்.

அடுத்தது குழி. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து வரிசை வீடுகள் இருக்கிற எங்கள் லயத்துக்கு முன்னால் மளமளவென்று மண்ணைத் தோண்டினார். அவர் மனைவி ரெஜினா அக்கா வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"யாருக்குய்யா குழி?"

"கிம்ச்சிக்கு."

"அது யாரு?"

கிம்ச்சி என்பது சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி எல்லாம் பூசிப் புளிக்கவைக்கிற கொரியா ஊறுகாய். பனிக்காலத்தில் உறைந்துபோகாமல் இருக்க அங்கே ஜாடியோடு மண்ணில் புதைப்பார்களாம். எங்கள் ஊர்ப் பனிக்காலம் உங்களுக்கே தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் டமார் என்று சத்தம். ஜாடி மூடி பறந்துபோய்க் கோழிக்கூண்டில் விழுந்தது. ஒரு வாரத்துக்கு அந்த லயத்துச் சேவல் கூவவில்லை. எங்களில் பாதிப் பேர் வேலைக்குத் தாமதமாகப் போனோம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அண்ணன் ஒரு பொய் சொல்லிவிட்டார்.

முகாமின் தலைமைச் சமையல்காரர் பெயர் ஹான். ஐம்பது வயதிருக்கும். பெண்டாட்டி பிள்ளைகளைக் கொரியாவில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். அவருக்கும் அண்ணனுக்கும் பேச்சு உடைந்த மலாயில்தான். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே ஹான் கேட்டிருக்கிறார்: "உன் ஊரில் யாருக்காவது என் நாடு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இல்லை, சிரித்து மழுப்பியிருக்கலாம். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாருக்கும் தெரியும்லா! எங்க தோட்டத்துல கொரியான்னா உசுரு. பொம்பளைங்க கிம்ச்சி போடுறாங்க. கண்காட்சியே வைப்போம்" என்று சொல்லிவிட்டார்.

ஹான் கத்தியைக் கீழே வைத்தாராம். பிறகு, "அடுத்த மாதம் நான் ஊருக்குப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா?" என்றாராம்.

அன்று நான் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"தம்பி, மாட்டிக்கிட்டேன்டா. இன்னும் ரெண்டு வாரத்துல நம்ம தோட்டம் பூரா கொரியாவ நேசிக்கணும்."

"முடியாதுண்ணே. உண்மைய சொல்லிடுங்க."

"எப்படிடா சொல்றது? அந்த மனுசன் மூணு வருசமா கெடக்காரு. வேலைக்கு வர்ற நம்ம பசங்க அவரு சமையலப் பாத்தா மூக்கப் பொத்துறானுங்க. ஒருத்தன்கூட உங்க ஊரு எப்படின்னு கேட்டதில்ல. இப்ப பொய்யின்னு தெரிஞ்சா அத மனசுல வெச்சுக்கிட்டே பிளேன் ஏறுவாரு. அது வேணாம்டா."

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நாலு பேர் பார்த்தால் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்துவிடுவேன். ஆனால் ஆறாம் வகுப்போடு நின்றாலும் கையெழுத்து சுமாராக இருக்கும். விளக்க அட்டைகள் எழுத ஒப்புக்கொண்டேன்.

ஆயாக் கொட்டகையைக் கேட்டு வாங்கினோம். வேலைநாளில் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். முகாமிலிருந்து அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களைக் கொண்டுவந்தார். நீளக் காம்பு வைத்த கரண்டி, இரும்புக் குச்சிகள், மலை படம் போட்ட பழைய நாள்காட்டி, ஒரு காகித விசிறி. எழுதுவதில்தான் தகராறு வந்தது.

"எழுது தம்பி. கொரியாவில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள்."

"நாமளும் அப்படித்தானேண்ணே?"

"சரி, அடுத்தது. தரையில் பாய் போட்டுப் படுப்பார்கள்."

"நாமளும்..."

"எழுதுடான்னா!"

கண்காட்சியின் உச்சம் ஒரு உடை. சாம்பல் நிறத்தில், கம்பளியில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீளமாக இருந்தது. ஊருக்குப் போகச் சாமான்களைக் கட்டும்போது ஹானே அதைக் கொடுத்து, "பனிக்காலத்தில் எங்கள் நாட்டில் எல்லாரும் போடுவது இது" என்றாராம். அண்ணன் அதைச் சுவரின் நடுவில் மாட்டி, மல்லிகைச் சரம் சூட்டி, ஊதுபத்தியும் கொளுத்தினார். அவர் சொன்னபடி நான் அழகாக எழுதினேன்: 'கொரியா நாட்டின் பாரம்பரிய உடை. தொடாதீர்கள்.'

இன்னொரு பக்கம் பாடம். வேலைக்குப் போகுமுன் கூடுகிற காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும், அண்ணன் முகாமுக்குக் கிளம்பும் முன் எல்லாரையும் நிறுத்திக் கேட்பார்: "கொரியா எங்க இருக்கு?" எல்லாரும் சேர்ந்து, "சீனாவுக்கு அந்தாண்ட, ஜப்பானுக்கு இந்தாண்ட" என்று கத்த வேண்டும். ஜாகா மாமாதான் சத்தமாகக் கத்துவார். அதனால் அவரைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை.

அந்த ஞாயிறும் வந்தது. பூசை முடிந்த கையோடு ரெஜினா அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து பாயில் உட்காரவைத்தார். முதல்நாளே உப்பில் போட்ட கோஸ், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பெரிய பேசின்களில் தயாராக இருந்தது. கொரியா செய்முறையில் உப்புப் போட்ட இறாலும் சேர்க்க வேண்டும். அது கிடைக்காததால் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா தன் வீட்டிலிருந்து ஒரு போத்தல் சிஞ்சாலோக் கொண்டுவந்திருந்தார். கூனி இறாலை உப்பில் புளிக்கவைத்ததுதானே அதுவும்.

ஹான் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, பளபளக்கும் சப்பாத்தோடு வேனிலிருந்து இறங்கினார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடி வைக்கவில்லை.

எதிரே சுவரில், மாலையும் கழுத்துமாக, ஊதுபத்திப் புகைக்கு நடுவில், அவருடைய உள்ளாடை.

அது உள்ளாடை என்று அவர் முகம் சிவந்த விதத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே புரிந்தது. ரெஜினா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். ஹான் என்னைப் பார்த்து, "அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று மலாயில் கேட்டார். என் பொத்தான் கையோடு வந்துவிட்டது. அண்ணன்தான் முந்திக்கொண்டு, "ரொம்ப நல்ல உடைன்னு எழுதியிருக்கு" என்றார். ஹான் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த உடைக்கு முன்னால் நின்று ஒரு வணக்கம் வைத்தார். எங்கள் ஆட்களும் வரிசையாக வந்து கும்பிட்டார்கள்.

அதோடு தப்பித்தோம் என்று நினைத்தோம். ஹான் ஜாகா மாமாவிடம் திரும்பி, சிநேகமாக, "கொரியா எங்கே இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் தொண்டை கிழியக் கத்திய மனிதர். தமிழில் கத்திப் பழகிவிட்டார். மலாயில் கேட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. யோசித்து, நெற்றியைத் தேய்த்து, கடைசியில் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஜித்ரா தாண்டி. கொஞ்ச தூரம்தான்."

ஜித்ரா எங்கள் மாநிலத்திலேயே, பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கிற ஊர். அண்ணன் ஹானைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடி வாங்கினவர் போல இருந்தார்.

ஹான் கழுத்துப்பட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கையை மடித்துவிட்டுக்கொண்டு பெண்களுக்கு நடுவில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு முழுக் கோஸை எடுத்துத் தரையில் வைத்து, "சீனா" என்றார். அதற்குப் பக்கத்தில் ஒரு இஞ்சித் துண்டு. "கொரியா." அந்தப் பக்கம் நாலு பூண்டுப் பல். "ஜப்பான்." பிறகு பாயின் ஓரம் வரை தவழ்ந்து போய், கீழே தள்ளி ஒரு சின்ன மிளகாயை வைத்தார்.

"லூனாஸ்."

எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். "ஆத்தாடி, எவ்ளோ தூரம்!" என்றார் பாக்கியம் அக்கா. "அப்ப ஜித்ரா எங்கப்பா?" என்று ஜாகா மாமா விடாமல் கேட்டார். பாக்கியம் அக்கா அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கடுகை எடுத்து மிளகாய்க்குச் சற்று மேலே வைத்தார். ஹான் அதைத் தள்ளிப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தீங்க, பிள்ளைங்க எத்தனை, பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா, மாப்பிள்ளை என்ன வேலை. மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்விகளை ஒரு மணி நேரத்தில் கேட்டு முடித்தார்கள். ஹான் மிளகாய் விழுதை ஒவ்வொரு இதழாகப் பூசக் காட்டிக்கொடுத்தபடியே பதில் சொன்னார். பூசி முடித்ததும் பாக்கியம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தாளிக்காம எப்படிங்க ஊறுகா?" என்று கேட்டுக்கொண்டே நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுச் சுடச்சுடக் கொண்டுவந்து ஒரு பேசினில் ஊற்றிவிட்டார். சொய்ங்ங் என்றது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஹான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். வாயை மூடிக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தார். மூன்றாவது துண்டுக்குச் சோறு கேட்டார். அவர் போகும்போது அந்தப் பேசின் வேனில்தான் போனது. அதைக் கேட்டு அடுத்த வாரம் ஆயா வந்து சண்டை போட்டது வேறு கதை.

ஹான் வேனில் ஏறும் முன் அண்ணன் அவரிடம் போய், மலாயில், "நான் பொய் சொன்னேன். இங்கே யாருக்கும் உங்கள் நாடு தெரியாது" என்றார்.

"தெரியும்" என்றார் ஹான். "அன்றே தெரியும். எனக்காக ஒருவன் அவ்வளவு பெரிய பொய் சொல்கிறானே, அவன் ஊரைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன்."

அண்ணன் அந்தப் பேசினை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, அவரிடம் நீட்டினார். 

சில வருடம் கழித்து கொரியாவில் ஒலிம்பிக் நடந்தபோது, தொடக்கவிழாவைப் பார்க்க மண்டபத்துத் தொலைக்காட்சி முன்னால் எங்கள் தோட்டமே உட்கார்ந்திருந்தது. கொரியா அணி வந்தபோது ஜாகா மாமா எழுந்து நின்று கைதட்டினார். அண்ணன் மட்டும் அணியைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, பின்னால் பார்வையாளர்கள் இருக்கிற பக்கமே கண்ணை வைத்திருந்தார்.

"அங்க என்னண்ணே பாக்குறீங்க?"

"ஹான் வந்திருப்பாருடா."

"அத்தன ஆயிரம் பேருல எப்படிண்ணே தெரியும்?"

"நான் வலது பக்கம் பாக்குறேன். நீ இடது பக்கம் பாரு."

விழா முடிந்து பெட்டியை அணைக்கும் வரை நான் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.