தாரிஸ்கா பற்றி நீர் கேட்டதற்கு

ஜம்பட்டா வீதி,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள மச்சான் ஜொனாதனுக்கு,

அத்தான் ஒஸ்வால்ட் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உமது அக்கா நேசமும் சுகம். எனது இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியே ஒரு போக்கில் போகிறது. பேர்ன் நகரத்துக் குளிரில் நீரும் சுதர்சினியும் பிள்ளைகளும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க லூசியம்மாள் கோயிலில் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம்.

நீர் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு நான் தபாலில் பதில் எழுதுவது உமக்குப் புதினமாக இருக்கும். பிஸ்டல், தோட்டா என்ற சொற்களைப் போனில் தட்ட எனக்கு இன்னும் விரல் கூசுகிறது. ஒரு காலத்தில் என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தவுடனேயே பஸ்ஸிலிருந்து இறக்கி, சாப்பாட்டுப் பார்சலைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். அதே அரசாங்கம் இப்போது கைத்துப்பாக்கி வைத்திருக்க எனக்கு முத்திரை குத்திய அனுமதிப்பத்திரம் தந்திருக்கிறது. வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அவர்கள் துவக்கின் நம்பரையும் பத்திரத்தின் நம்பரையும் பார்த்துவிட்டு, "ஹரி அங்கிள்", சரி போங்கள் என்று, அனுப்பிவிடுகிறார்கள்.

உமது கேள்விக்கு வருகிறேன். உங்கள் சுடும் கிளப்பில் ஒருவர் தாரிஸ்கா என்ற பெயருள்ள பழைய பிஸ்டலை விற்கப் போகிறார், அதைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூட இல்லை, உலகத்திலேயே அதை வைத்திருக்கிற வேறு ஆள் என்று நீர் அறிந்தது என்னை மட்டும்தான், ஆகவே சொந்தக்காரர் என்ற முறையில் என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தீர். மச்சான், அந்தக் கேள்வி என்னை எங்கெங்கே கொண்டுபோய்விட்டது என்பதைத்தான் இதில் எழுதுகிறேன்.

எங்கள் கடை இருக்கிற செட்டியார் தெருவில் இன்னொரு நகைக்கடையில் கொள்ளை நடந்த பிறகு நானும் மற்றக் கடைக்காரரோடு சேர்ந்து அனுமதிக்கு விண்ணப்பித்தேன். எல்லாருக்கும் பேர்போன பிராண்டுகள் கிடைத்தன. எனக்குப் பத்திரம் வந்து சேர்ந்தபோது துவக்கு வியாபாரி ஹபீஸிடம் மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். "ஐரோப்பாச் சாமான் சேர்" என்றார். ஐரோப்பாவில் எந்த நாடு என்று கேட்டேன். "அது இப்ப ரெண்டாப் பிரிஞ்சி போச்சி சேர். எந்தப் பாதியில பெக்டரி ஈக்கிதுன்னு எனக்குச் சரியாத் தெரியா" என்றார். பக்கவாட்டில் ஒரு பறவை செதுக்கியிருந்தது. ஹபீஸ் அதைக் கழுகு என்றார். பங்குத்தந்தை பார்த்துவிட்டுப் புறா என்றார். நேசம் ஒருமுறை கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "இது அடைகாக்கிற கோழி" என்று முடித்துவிட்டாள். கடையில் வேலை செய்கிற சாருஜா தன் போனில் தேடினாள். "அங்கிள், இந்தப் பேரில மாட்டில பால் கறக்கிற மெசின்தான் வருது" என்றாள். அந்தக் கொம்பனி முதலில் எதைச் செய்தது, பாலிலிருந்து துவக்குக்கு வந்ததா, துவக்கிலிருந்து பாலுக்குப் போனதா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இனி, சென்ற மாதம் கடையில் நடந்தது. அக்கா உமக்குப் போனில் சொன்ன கதையில் நான் சிங்கம் மாதிரி வருகிறேன் என்று கேள்விப்பட்டேன். நடந்தது இதுதான். மத்தியானம், நல்ல மழை, கடையில் நானும் சாருஜாவும் மட்டும். ஹெல்மெட் போட்ட இருவர் வந்தார்கள். ஒருவன் கதவடியில் நின்றான். மற்றவன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து ஒரு கத்தியை வைத்தான். சாருஜா வாயைத் திறந்தபடி சிலையாகிவிட்டாள். நான் மேசை லாச்சியை இழுத்துத் தாரிஸ்காவை எடுத்து நீட்டினேன். நீட்டிய வேகத்தில் அதன் பிடிக்குள் இருந்த மெகசின், அதுதான் தோட்டாக்கள் அடுக்கிய கூடு, கழன்று கண்ணாடியில் விழுந்து வழுக்கிக்கொண்டுபோய் அந்தப் பெடியனின் காலடியில் கிடந்தது.

அவன் குனிந்து அதை எடுத்தான். எடுத்து, தண்ணீரைத் துடைத்து, என்னிடம் நீட்டி, "அங்கிள், மேக்க வெட்டுணா" என்றான். இது விழுந்துவிட்டது என்கிறான். கடைக்கு வருகிறவர் பணப்பையைத் தவறவிட்டால் எடுத்துக் கொடுக்கிற அதே குரல். நானும் பழக்கதோசத்தில், "தேங்ஸ் மல்லி" என்று, தம்பி முறை வைத்து, வாங்கி உள்ளே தள்ளி, திரும்பவும் அவனுக்கே நேராகப் பிடித்தேன். அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது, என்ன காரியம் நடந்துவிட்டது என்று. அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பிஸ்டலின் பக்கவாட்டைப் பார்த்து, "மொன பிராண்ட் எக்கத?" என்று கேட்டான். எந்த பிராண்ட் என்று. நான் சொன்னேன். "அஹலா நே" என்றான். கேள்விப்பட்டதே இல்லையாம். கதவடியில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான். அவனும் தெரியாது என்று தலையை ஆட்டினான். பிறகு இருவரும் பின்பக்கமாகவே நடந்து வெளியேறி, மழைக்குள் போய்விட்டார்கள். கத்தி கண்ணாடிப் பெட்டியின் மேலேயே கிடந்தது. பேர் தெரிந்த துவக்கென்றால் அவன் ஒரு கணக்குப் போட்டிருப்பான். பேர் தெரியாதது என்ன செய்யும் என்று அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வாக்குமூலம் எழுதிய பொலிஸ் சார்ஜன்ட்டும் பேனையை நிறுத்திவிட்டு முதலில் கேட்டது பிராண்டைத்தான்.

இந்த வீரத்தின் பிறகுதான் உமது கேள்வி வந்தது. பிடி எப்படி, விசை இறுக்கமா இலேசா, சுடும்போது கை எவ்வளவு உதறும், குறி தப்புமா என்று வரிசையாகக் கேட்டிருந்தீர். பதில் எழுதக் குந்தினேன். பேனையைப் பிடித்தபடியே இருந்தேன். மச்சான், இத்தனை வருடத்தில் நான் அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. துடைத்திருக்கிறேன், எண்ணெய் போட்டிருக்கிறேன், பூட்டி வைத்திருக்கிறேன், பெருநாளுக்குப் புது உறைகூட வாங்கியிருக்கிறேன். சுவிஸில் இருக்கிற மனிதன் நம்பிக் கேட்கிறானே, பொய் எழுதக்கூடாது என்று, அனுமதி பெற்ற ஒரு சுடும் திடலுக்குப் போக ஏற்பாடு செய்தேன். நேசம், "நானும் வாறன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா பாப்பம்" என்றாள்.

திடலில் பயிற்சி கொடுப்பவர் டிலான் என்ற சிங்களவர், ஆமியில் இருந்து ஓய்வு பெற்றவர், மிகவும் மரியாதையான மனிதர். தமிழும் கொஞ்சம் பேசுவார். தாரிஸ்காவைக் கையில் வாங்கி, குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அங்கிள், நல்ல வேலைப்பாடு. இப்பிடி ஒண்டு நான் கண்டதே இல்லை" என்றார். எனக்கு நெஞ்சு விரிந்தது. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டு, இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லித் தந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தேன். டிக் என்றது. திரும்பவும் இழுத்தேன். திரும்பவும் டிக். தோட்டாவை மாற்றிப் பார்த்தார். டிக். அவர் தன் கையால் முயன்றார். அவருக்கும் அது டிக் என்றுதான் சொன்னது.

மேசையில் துணியை விரித்து அதைக் கழற்றினார். ஒரு சின்ன ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்கிள், மேக்கே பின் எக்க நே." தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்க வைக்கிற ஊசி ஒன்று இருக்க வேண்டுமாம். அது இல்லையாம். உடைந்த அடையாளமும் இல்லை. அந்த இடம் வெறுமையாக, சுத்தமாக இருந்தது.

"இதை வச்சா கள்ளனை மறிச்சீங்கள்?" என்று டிலான் கேட்டார்.

நான் ஓம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொல்லி, பிளேன்டீ ஒன்று வருவித்துத் தந்தார். அந்தப் பெடியன் ஒரு அடி முன்னுக்கு வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும், சாருஜாவின் தாய்க்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்றெல்லாம் அப்போதுதான் ஓடத் தொடங்கியது. கொள்ளை நடந்த அன்று இரண்டு கொத்துரொட்டி சாப்பிட்டவன் நான். திடலுக்குப் போன அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நேசம் இரசம் வைத்துத் தந்தாள். அதுவும் இறங்கவில்லை.

ஆகவே சொந்தக்காரர் என்ற முறையில் என் அபிப்பிராயத்தை எழுதிக்கொள்ளும். ஊசி போட மறந்து துவக்கை விற்கிற கொம்பனியை நான் இதுவரை அறியவில்லை. அந்த நாடு இரண்டாகப் பிரிந்தபோது துவக்கு ஒரு பாதிக்கும் ஊசி மறுபாதிக்கும் போய்விட்டதோ என்னவோ. பால் கறக்கிற மெசினிலும் இப்படித்தான் ஏதாவது ஒரு துண்டு குறைந்திருக்கும், அங்கே மாடுகளுக்கு என்ன கதியோ. ஹபீஸிடம் கேட்டேன். "நான் பெட்டியத் தொறக்கவே இல்ல சேர், அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்கிறார். நீர் இந்தத் தாரிஸ்காவைத் தொடவேண்டாம். விற்கிறவரையும் கொஞ்சம் எட்ட வைத்துக்கொள்ளும்.

சுதர்சினிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போகிறார்கள் என்று கேட்டு மகிழ்ச்சி. ஆண்டவர் உமது வீட்டு வாசலையும் கடை வாசலில் நிற்கிற எங்களையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
ஒஸ்வால்ட்

பி.கு.: உறையை ஒட்ட முதல் கடிதத்தை நேசத்துக்கு வாசித்துக் காட்டினேன். மாடுகள் வருகிற இடத்தில் சிரிப்பாள் என்று பார்த்தேன். எழும்பிப் போய்த் தையல் மெசின் லாச்சியைத் திறந்து, ஒரு மாத்திரைப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பஞ்சில் சுற்றி ஒரு சின்ன இரும்பு ஊசி.

"பாவம், அந்தக் கொம்பனியைத் திட்டாதேங்கோ" என்றாள்.

வாங்கிய மறுகிழமை எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அப்போது செய்த வேலையாம். மருதானையிலிருந்து தையல் மெசின் திருத்துகிறவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, எந்தத் துண்டை எடுத்தால் இது வெடிக்காது என்று கேட்டிருக்கிறாள். மனிதர் முதலில் மாட்டேன் என்று எழும்பினாராம். இவள் அழுதாளாம். பிறகு எடுத்துக் கொடுத்தாராம். ஏன் செய்தாய் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும்.

"கள்ளன் உங்களைச் சுட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடலாம். நீங்கள் அவனைச் சுட்டா, உங்கட பேரையும் வச்சுக்கொண்டு, நான் எந்த வாசலுக்கு ஓடுறது?"

திரும்பவும் இரசம் வைத்துத் தந்தாள், குடித்தேன். ஆகவே மச்சான், மேலே எழுதிய அவ்வளவையும் வெட்டிவிடும். தாரிஸ்கா முழுமையான, குறையில்லாத சாமான். பிடி நன்றாக இருக்கிறது. தாராளமாக வாங்கும்.

தம்பி, அக்கா எழுதிறன். வாங்கிறதெண்டா வாங்கு. சுதர்சினியை எனக்கு ஒருக்கா கோல் எடுக்கச் சொல்லு. எந்தத் துண்டு எண்டு நான் அவளுக்குச் சொல்லித்தாறன்.