தேங்காய் மன்றத்தின் தற்காப்பு வாதம்

தமிழர் நாகரிகம் உலகுக்கு வழங்கிய கொடைகளில் தலையாயது, நடுச்சாலையில் தேங்காய் உடைப்பது. பினாங்கில் அந்தக் கொடையின் காவலர்கள் நாங்கள். 'தைப்பூசத் தேங்காய் உடைப்புப் பெருமன்றத்தின்' செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

இப்பேர்ப்பட்ட எங்கள் மீதுதான் தனலெட்சுமி என்ற பெண்மணி வழக்குப் போட்டார். பாயான் பாருவில் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்த்தவர். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், தேருக்கு முன்னால் நாங்கள் உடைத்த காயின் சிரட்டைச் சில்லு குதிகாலைக் கிழித்து நரம்பை அறுத்துவிட்டதாம். அதிக நேரம் நிற்க முடியவில்லையாம், வேலையும் போய்விட்டதாம். நாட்டில் பக்தி குறைந்துவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அவசரக் கூட்டம் போட்டோம். செருப்பில்லாமல் வந்தது அந்த அம்மாவின் 'கவனக்குறைவு' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். செருப்போடு வந்திருந்தால் நாங்களே திட்டித் துரத்தியிருப்போம் என்பது வேறு விஷயம். முருகனையும் பிரதிவாதியாகச் சேர்க்கலாம் என்று பொருளாளர் முன்மொழிந்தார். சம்மனை எந்தக் கோயில் விலாசத்துக்கு அனுப்புவது என்பதில் சண்டை மூண்டு, அது கைவிடப்பட்டது.

எங்கள் வழக்கறிஞர் மயூரன் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தலைவர் சின்னையாவை மட்டும் தனியே அழைத்துப் பேசினார்.

“அண்ணே, அந்த ஜாலான்ல, ரோடு முழுக்க, அன்னைக்கு எத்தனையோ பேரு உடைச்சாங்க. எது யாரு காய்னு தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அவங்களால நிரூபிக்க முடியாது. கேஸ் முடிஞ்சிரும் லா.”

என்ன ஒரு சட்ட நுட்பம்! தலைவர் கண்ணாடி முன் நின்று “தெரியாது” என்று சொல்லிச் சொல்லிப் பழகினார்.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவர் கூண்டேறியதும் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. கேட்டதற்கெல்லாம் தெரியாது என்றார். அந்த அம்மாவின் வழக்கறிஞர் காமினி சலித்துப்போனவர்போலக் கோப்பை மூடினார். அப்படியானால் அந்த அம்மா அடிபட்ட தெருமுனையில் குவிந்து கிடந்தது எங்களுக்குப் போட்டியான பாயான் பாரு குழு உடைத்த காயாகத்தான் இருக்கும், பினாங்கிலேயே பெரிய குழு அவர்கள்தானாமே என்றார்.

மயூரன் கண்களை மூடிக்கொண்டார்.

“எவன் சொன்னது?” என்றார் தலைவர். “அவனுங்க கொண்டு வந்தது அரை லோரி. நாங்க மூணு லோரி. அந்த முனைக்கு வேற எவனையும் நாங்க விடல. அங்க கெடந்த ஒவ்வொரு காயும் எங்க காய்.”

நீதிபதி எழுதிக்கொண்டார். அந்த அம்மா விழுந்ததைப் பார்த்தீர்களா என்று காமினி கேட்டார்.

“பார்த்தேன் லா. என் கண்ணு முன்னாலதான விழுந்தாங்க.”

“என்ன செஞ்சீங்க?”

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். எங்கள் மன்றத்தின் கொள்கையை இத்தனை தெளிவாக இதுவரை எவரும் எடுத்துரைத்ததில்லை.

“தேரு கிட்ட வந்துருச்சு. இன்னும் ஒரு லோரி காய் மிச்சம் இருந்துச்சு. அவங்கள ஓரமா இழுத்துப் போட்டுட்டு உடைச்சோம்.”