மணமகள் சிவராசா

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடம் தயங்கினேன். தங்கை ரேவதியின் பிள்ளைகள் வளரட்டும் என்று பார்த்தேன். வளர்ந்துவிட்டார்கள், இப்போது அவர்களே என்னைப் பகிடி பண்ணுகிறார்கள். இனி ஒளித்து என்ன பயன்?

யுத்த காலம். செங்கலடிச் சந்தியில் எனக்கு அச்சடிக்கும் கடை. ஒரு பழைய கணினி, அதில் தமிழ் எழுத ஒரு புரோகிராம், மேலே பிள்ளையார் படம். (மூன்றில் கோளாறு செய்யாதவர் பிள்ளையார் மட்டும்தான்.) ஆசைப்பட்டுச் சாதகப் புரோகிராம் ஒன்றையும் ஏற்றியிருந்தேன். வந்தவர் எல்லாருக்கும் அது செவ்வாய் தோஷம் சொன்னதால், ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அதை அழிக்கத் தொடங்கினேன்.

கணினி ஆங்கிலத்தில் கேட்டது: "இந்தப் பைல் பொதுவானது. வேறு புரோகிராம்களும் பாவிக்கக்கூடும். இதையும் அழிக்கவா?"

விளக்கு எரியும்போது எங்கள் வீட்டில் 'இல்லை' என்ற சொல் வராது. அரிசிப்பானை வெறுமையானாலும் "நிறைஞ்சிருக்கு" என்றுதான் மனைவி சொல்வாள். பிள்ளையாருக்கு முன்னால் 'இல்லை'யை அமுக்குவேனா? 'ஆம்' என்பதற்கு எங்கள் ஊரில் 'ஓம்'. அதையே அமுக்கினேன். (பிரணவ மந்திரம் வேறு!)

வீட்டு வளவை விட்டுப் போனவன் பொதுக்கிணற்றையும் தூர்த்துவிட்டுப் போன கதையாயிற்று. அந்தப் பைல் இல்லாமல் தமிழ்ப் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்றது. ரேவதியின் கலியாண அழைப்புக் காட் அடிக்கவேண்டிய நேரம். பாதை எப்போது பூட்டுவார்களோ தெரியாது. ஏறாவூருக்கு ஓடினேன். காசிம் காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கணினிக் கடையில் அதே பெயரில் பைல் இருந்தது.

"இது புதிசு தம்பி. உங்கட பழசோட ஒத்துப்போகுமோ தெரியா."

"பேர் ஒண்டுதானே காக்கா!"

"எண்ட பேரும் காசிம், எண்ட மாமாட பேரும் காசிம். அவர்ர பல்லுசெட் எனக்குச் சேருமா?"

கேட்டேனா? பிளொப்பியில் வாங்கிவந்தேன். சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளுக்கு என்ன?"

"கலியாணம் சேர்."

புரோகிராம் திறந்தது. திரையில் எல்லாம் சரி. அச்சடித்த காட்டில் பிள்ளையார் சுழி பார்த்தேன், சரி. பெயர்கள் பார்த்தேன், சரி. அதற்குமேல் வாசிக்காமல் களுதாவளைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, கட்டோடு அனுப்பினேன்.

மறுநாளே மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாமன் முற்றத்தில் நின்று வாசித்தார்.

"'அள்புன்ன உறவிளர்கனே.' என்ன பாஷை மகனே இது? கீழ பாரு. 'மணமகள் சிவராசா, மணமகன் ரேவதி!' எங்கட பொடியனப் பொம்பிளையாக்கிப் போட்டியே! இந்தச் சம்பந்தம் வேணாம்!"

புதிய பைல் அச்சில் 'ன'வை 'ள'வாக்கி, 'ள'வை 'ன'வாக்கியிருந்தது. உள்ளே ரேவதி விம்மினாள்.

அதுவரை காட்டையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய் சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணே, கத்தாதங்க. கலியாணம் முடிச்சித் தாய்வீட்ட விட்டுப் போறது ஆரு? எங்கட பொடியன்தானே! பெட்டியத் தூக்கிக்கொண்டு இஞ்ச வாழ வாறவன் அவன். காட் சரியாத்தான் இரிக்கி!"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். மாமன் யோசித்தார். மீசை துடித்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். அந்தக் காட்டோடேயே கலியாணம் நடந்தது, பிள்ளையார் புண்ணியம்.

இன்றும் மச்சான் சாப்பிடப் பிந்தினால் ரேவதி கூப்பிடுவாள்: "மணமகள், சோறு ஆறுது!"

இந்தக் கதை ஊரில் பல விதமாக ஓடுகிறது. மச்சான் சொல்வதில் நான் கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்தேனாம். பெயர் ஒன்று, உள்ளே வேறு என்றிருந்த பைலால் நான் பட்டது போதாதா? ஆகவே கும்பிட்டுக் கேட்கிறேன்: யாருக்குச் சொன்னாலும் இப்படியே, ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்லுங்கள். 'ன'வும் 'ள'வும் பத்திரம்.