சுத்தமான மண்

பிரதாப் ஐஸ் பெட்டியைத் திறந்தான். மண் ஜாடிகளில் ஒன்று உடைந்து கிடந்தது.

கெலவரப்பள்ளி போகிற வழியில் மூடிப்போன பெட்ரோல் பங்க் ஒன்று. நிலத்தடி டேங்க் ஒழுகி, தோண்டிப் போட்ட மண்ணெல்லாம் டீசல். அதில் கொஞ்சம் சோதனைக்கு எடுத்து ஓசூர் லேபில் சேர்ப்பது பிரதாப்பின் வேலை. உடைந்தது பங்க் மண் அல்ல. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் ராமப்பனின் கேழ்வரகுக் காட்டில் எடுத்த சுத்தமான மண்.

'இன்னொரு ஜாடி உடைஞ்சா உன் ஊரு விருதுநகருக்கே பஸ் ஏறிடு' என்று மேனேஜர் சத்யப்ரியா ஏற்கெனவே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற பெண்மணி.

சுத்தமான மண்தானே, எங்கே எடுத்தால் என்ன? மதியச் சாப்பாட்டுக்கு வந்த வாடகை வீட்டு வாசலிலேயே, ஓனர் சரோஜம்மாளின் கொத்தமல்லித் தொட்டி இருந்தது. காலையிலிருந்து டீசல் முகர்ந்து செத்துப்போயிருந்த மூக்கோடு குனிந்து அள்ளினான்.

"தொட்டியில என்ன தம்பி நோண்டுற?"

"கொத்தி விடுறேன்ம்மா. உங்க சட்னிக்குன்னு ஒரு தனி வாசனை இருக்கே, அதுக்கு நன்றிக்கடன்!"

சரோஜம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

ரிசல்ட் வந்த அன்று சத்யப்ரியா கூப்பிட்டார். "காட்டு மண்ணுலயும் டீசல்! பங்க் மண்ணுக்குச் சமமா இருக்கு. ராமப்பன் போர்வெல்லை மூடச் சொல்லிட்டேன்."

பிரதாப் அவசரமாக ஒரு பொய்யைப் பிடித்தான். "மேடம்... என் கரண்டியில ஒட்டியிருக்கும். கழுவல."

"அப்ப புதுக் கரண்டியில மறுபடி எடுத்துட்டு வா. அதுலயும் இருந்தா மொத்த மண்ணையும் வெட்டி எடுக்கக் காட்டுல ஜேசிபி இறங்கும்."

தப்பித்தோம் என்று காட்டுக்குப் பறந்தான். வரப்பில் ராமப்பன் அரிவாளோடு நின்றார்.

"தண்ணிய மூடிட்டீங்க. இனி மண்ணு வேணுமா? கால வெச்சுப் பாருடா!"

பிரதாப் பைக்கைத் திருப்பினான். வேறு வழி தெரியாமல் புதுக் கரண்டியால் அதே தொட்டியில் அள்ளிக் கொடுத்தான்.

இந்த முறை டீசல் இன்னும் கூடுதல்.

ஜேசிபி கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. தன் பயத்துக்கு ஒரு மனுஷனின் காடே பலியாகப் போகிறது. வேலை போனால் போகட்டும் என்று சத்யப்ரியாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான்.

"தொட்டி மண்ணா? அதுல எப்படிடா டீசல் வரும்?" என்று அவர் கத்தினார்.

அதானே! போனை வைக்காமலே வீட்டுக்கு ஓடினான். சரோஜம்மாள் அவனுக்காகத் தட்டில் தோசை போட்டு, பச்சைப்பசேலென்று சட்னியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சரோஜம்மா, தொட்டி மண்ணு எங்க வாங்கினீங்க?"

"காசு குடுத்தா வாங்குவாங்க? பங்க்ல டேங்க்கைத் தோண்டுனப்ப லாரிக்காரன் சும்மாவே கொட்டிட்டுப் போனான். அந்த மண்ணு வந்த பின்னாடிதான் தம்பி, நீ சொல்ற அந்தத் தனி வாசனையே!"