மாமனார் முகத்தில் தண்ணீர்க் குழாய்

கோமிஷா, விஸ் தீவு
வியாழக்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனன் ஃப்ரானேவுக்கு உன் அக்காள் கணவன் டோன்சி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். ஞாயிறு வரை நலமாக இருப்போம். அதற்கு மேல் உறுதி சொல்வதற்கில்லை.

ஒரு வாரமாகத் தெற்குக் காற்று, படகை எடுக்க வழியில்லை. கை சும்மா இருக்குமா? வடிகட்டியில் இரண்டு வால்நட்டை ஒட்டி உன் அக்கா நெவென்காவின் முகத்தைச் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. அடுத்து, சாப்பாட்டறைக் கதவில் உன் அப்பாவைச் செய்தேன்: முகத்துக்குக் கரிபிடித்த வாணலி, காதுக்கு இரண்டு கரண்டி, மூக்குக்குப் பழைய தண்ணீர்க் குழாய், வாய்க்கு எலிப்பொறி. முடித்துவிட்டுப் பார்த்தால், எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. அப்போதுதான் நெவென்கா, "ஏங்க, ஞாயித்துக்கெழம புனித நிக்கோலஸ் திருநாளுக்கு அப்பா வர்றாரே, மறந்துட்டீங்களா?" என்றாள். உப்பு குறைந்ததென்று சூப்பைச் சட்டியோடு கடலில் எறிந்த மனிதர்! பிய்க்கப் பார்த்தேன், படகுப் பசை, கதவே வந்தாலும் வாணலி வராது. திரை போட்டேன், மூக்கு திரையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கதவைச் சாத்தினால் வாய் 'டப்'பென்று கடிக்கிறது. "அடுப்படியிலயே உக்கார வெச்சு சாப்பாடு போட்டுடலாமா?" என்றேன். "கப்பல் ஓட்டினவரு அடுப்படியிலயா உக்காருவாரு? பேசாம நீங்க எங்கயாச்சும் போயிருங்க" என்கிறாள்.

ஸ்ப்ளிட் நகரில் அடுத்தடுத்த தெருவில் இருந்தும் நீயும் அவரும் பேசி மூன்று வருடமாயிற்று என்பது தெரியும். ஆனாலும் என் உயிருக்காக, ஒரு பொய் சொல்லி அவரை அங்கேயே நிறுத்து.

புனித நிக்கோலஸ் கடலில் போனவர்களையும், கரையில் மாட்டிக்கொண்டவர்களையும் காப்பாராக.

நடுக்கத்துடன்,
டோன்சி

பி.கு.: நிறுத்த வேண்டாம். காற்று தணிந்ததென்று இன்றே வந்துவிட்டார். வந்ததும் திரையை விலக்கினார். "இது எவன் வேல?" என்றார். "கோடையில... ஃப்ரானே வந்தப்போ..." என்று உளறிவிட்டேன், மன்னித்துவிடு. அவர் உட்கார்ந்து வெகுநேரம் அந்த மூக்கையே பார்த்தார். "என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னவன், மூக்கு வளைசல் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கானே, கழுத!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருநாள் கிடக்கட்டும் என்று நாளைக் காலைக் கப்பலில் உன்னிடம் வருகிறார். "அவனுக்கா லெட்டரு? குடு மாப்ள, நானே குடுத்துடறேன்" என்று இதோ கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தட்டினால் கதவைத் திற. என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டால், எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருப்பதாகச் சொல். அது பொய்யுமில்லை.